கம்பெனி சாட்சி

மாமியிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஜோஸ்னா இரண்டு தடவை சொன்னாள். வேண்டாம் என்று தடுத்தது அவள் கணவன் அஜீஷ்தான்.

அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவனுடைய அம்மா புஷ்பபாய் காதில் விழுகிற எதையும் ஜெபக் குறிப்பாக மாற்றிவிடுவாள். கேரள எல்லையோரம் காரோடு என்ற ஊரில் அவர்கள் போகிற சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் செயலாளர். மருமகளுக்கும் விமானக் கம்பெனிக்கும் சம்பளத் தகராறு என்று தெரிந்தால் அடுத்த கூட்டத்திலேயே அத்தனை பெண்களும் முழங்காலில் நின்று முதலாளிமாரின் மனம் இளகும்படி வேண்டிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி களியக்காவிளை தாண்டிப் போய்விடும்.

"லீவுண்ணு சொன்னாப் போரும். ரெண்டு மூணு நாளத்த காரியம்தானே. எல்லாம் செரியான பெறகு நானே சொல்லுதேன்" என்றான் அஜீஷ்.

"மாமிகிட்ட ஒளிச்சு வச்சா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு அத்தான்" என்றாள் ஜோஸ்னா. ஆனால் அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

ஜோஸ்னா திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கும் விமானங்களில் துணை விமானி. அமரவிளைக்காரி. அவளுடைய அப்பா மஸ்கட்டில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். ஊருக்கு வந்துபோன ஒவ்வொரு தடவையும் மகளை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் அவளை விமானப் பயிற்சிப் பள்ளியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார். அஜீஷ் பாறசாலையில் மேல்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். விமானத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மனைவி சொல்லித் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தத் தகராறை அவன் நன்றாகப் புரிந்துவைத்திருந்தான். கெட்ட காலத்தில் எல்லோருடைய சம்பளத்தையும் வெட்டிய கம்பெனி, நிலைமை சீரானதும் திருப்பித் தருவோம் என்று சொல்லியிருந்தது. நிலைமை சீரானது. விமானங்கள் நிரம்பி வழிந்தன. புது விமானங்கள் வந்தன. வெட்டியது மட்டும் வெட்டியபடியே நின்றது. கேட்கப் போனவர்களின் கையில் ஒரு புது ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். வானத்தில் இருக்கிற நேரத்துக்கு மட்டும்தான் இனி சம்பளம், தரையில் காத்துக்கிடக்கிற நேரம் கணக்கில் வராது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள் விமானிகள். போடாதவர்களுக்கு ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து டூட்டி விழுந்தது.

வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் சட்டம் பாயும். அதனால் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜோஸ்னா தலைவலி என்று எழுதி அனுப்பினாள். அது முழுப் பொய்யும் அல்ல. அந்த மாதம் அவள் ஒழுங்காகத் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விமானிகள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான கேப்டன் ஸ்ரீஹரி நெய்யாற்றின்கரைக்காரர். அவர்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியே போனில் கூப்பிட்டுப் பேசினார்.

"எல்லாரும் ஒண்ணாட்டு நிண்ணா ஒருத்தரயும் தொட மாட்டாங்க ஜோஸ்னா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அஜீஷும் அதைக் கேட்டான். அவனுக்கும் அது நம்பிக்கையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை முற்பகலில் ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. வயதான ஒருவரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் இளைஞனும் இறங்கினார்கள். அஜீஷ் கேட்டைத் திறந்தான். பெரியவர் மலையாளத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கம்பெனி அனுப்பிய டாக்டர் அவர். சுகமில்லை என்று சொன்ன விமானிகளை வீடுவீடாகப் போய்ப் பார்த்து வருகிறாராம். இளைஞன் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறவன்.

"ஒக்காருங்க. அவ மேல படுத்திருக்கா. சொல்லிட்டு வாறேன்" என்று சொல்லி அஜீஷ் அவர்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடினான்.

ஜோஸ்னா கட்டிலில் சாய்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் பதறவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். தைல பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொண்டாள்.

"மாமி எங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அஜீஷுக்கு உறைத்தது. புஷ்பபாய் பின்பக்கம் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கார்ச் சத்தம் கேட்டிருக்கும். அவன் திரும்பிப் படியிறங்குவதற்குள் ஹாலிலிருந்து அம்மாவின் குரல் மேலே வந்துவிட்டது.

"கம்பெனி டாக்டரா? சந்தோசம் சாரே. இருங்க, சாயா எடுக்கேன்."

டாக்டர் ஏதோ கேட்டார். ஜோஸ்னாவுக்கு என்ன நோய், எப்போதிலிருந்து என்பது போல இருந்தது.

"தீனமா? ஆருக்கு, ஜோஸ்னாவுக்கா?" புஷ்பபாய் சிரித்தாள். "ஒரு தீனமும் கெடையாது சாரே. கல்யாணம் கழிஞ்சு வந்த பெறகு தலவேதனையிண்ணு அவ ஒருநாளு படுத்து நான் கண்டதில்ல. இண்ணைக்கு காலத்த ஆப்பம் சுட்டது அவளாக்கும். நேத்து எனக்க கூட நிண்ணு வாசல் முத்தம் முழுக்க தூத்துவாரினா. நல்ல பெலமுள்ள பிள்ள. அவ ஓட்டுத பிளேன்ல ஆரும் தைரியமாட்டு ஏறலாம்."

அஜீஷ் படித் திருப்பத்தில் நின்றுவிட்டான். அங்கிருந்து பார்த்தால் ஹாலின் பாதி தெரியும். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகம் பெருமையில் பூரித்திருந்தது. கம்பெனியிலிருந்து டாக்டர் வந்தது மருமகளுக்கு விமானம் ஓட்ட உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். நல்ல சர்ட்டிபிகேட் கிடைக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் பேசினாள். கீழே இறங்கி, அம்மா சும்மா இரு என்று சொன்னால் அதுவே அத்தாட்சியாகிவிடும். சொல்லாமல் நின்றாலும் அத்தாட்சிதான். அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

இளைஞன் மொபைலை எடுத்தான். அம்மா இப்போது சொன்னதை இன்னொரு தடவை இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டான். புஷ்பபாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு சபையில் வேதபாடம் வாசிக்கிற நிதானமான குரலில், ஒரு வார்த்தை குறையாமல், ஆப்பம் உட்பட எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள்.

டாக்டர் மேலே வந்து ஜோஸ்னாவைப் பரிசோதித்தார். காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. தலைவலி என்றாள் அவள். அவர் அவளுடைய கண்ணைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஒறக்கம் இல்லையோ?" என்று கேட்டார்.

"கொறவாக்கும் டாக்டர்."

அவர் பேனாவைத் திறந்தார். தலைவலி, ஓய்வு தேவை என்று எழுதிவிடுவார் என்று அஜீஷுக்கு ஒரு நிமிஷம் ஆசை எழுந்தது. தலைவலியை எந்தக் கருவியால் அளக்க முடியும்? அதற்குள் அறை வாசலில் நின்ற இளைஞன் மெதுவாக, வீட்டார் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். காரில் போய் எழுதுகிறேன் என்றார். ஜோஸ்னாவின் முகத்தை அவர் அதற்குப்பிறகு பார்க்கவே இல்லை.

புறப்படும்போது புஷ்பபாய் ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸை வலுக்கட்டாயமாக டாக்டரின் கையில் திணித்தாள்.

கார் போனபிறகு ஹாலுக்கு வந்த மகனிடம், "எலே, எப்பிடி? நான் நல்லா சொன்னேனா? சர்ட்டிபிகேட்டு இப்பமே தருவாங்களா, தபால்ல வருமா?" என்று கேட்டாள்.

அஜீஷ் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போயிற்று.  

"எலே அஜீஷே," என்றாள் கடைசியில், "எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா? எனக்க வாய நீ இவ்வளவு பேடிச்சியாக்கும்?"

அவன் பயந்தது உண்மைதான். அவள் எழுந்து மாடிக்குப் போனாள். மூட்டுவலியால் மாதக்கணக்கில் அந்தப் படி ஏறாதவள், கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஜோஸ்னா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, நான் குடியக் கெடுத்துப்போட்டேனே."

ஜோஸ்னா எழுந்து அவளுடைய கையைப் பிடித்தாள். "மாமி பொய் ஒண்ணும் சொல்லேல்லியே" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். புஷ்பபாய்க்கு அதுதான் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னால்தானே இது என்று சொல்ல அஜீஷ் இரண்டு தடவை வாயெடுத்தான். யாரும் அவனைக் குற்றம் சொல்லாததால் அதைச் சொல்லவும் இடமில்லாமல் போயிற்று.

பணிநீக்க உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. பொய்யாக நோய் என்று சொல்லிப் பயணிகளுக்குத் தொல்லை கொடுத்ததாகவும், அதற்கு வீட்டாரின் வாக்குமூலமே ஆதாரம் என்றும் எழுதியிருந்தார்கள். ஸ்ரீஹரி உடனே கூப்பிட்டார். பயப்பட வேண்டாம் என்றார். பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையே, நீக்கியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதுதான் என்றார்.

அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தாலே விமான நிலையம்தான். பெட்டிகளின்மேல் படுத்துத் தூங்கும் மனிதர்கள். கைக்குழந்தையோடு கவுண்டரில் சத்தம் போடும் பெண்கள். ஜோஸ்னா அதையெல்லாம் விடாமல் பார்த்தாள். அணைத்துவிடு என்று அஜீஷ் சொன்னால், "என்னால நிக்கியவங்களாக்கும். பாக்கவாவது செய்யணும்" என்பாள்.

பக்கத்துவீட்டு பிஜு ஒரு சாயங்காலம் கேட்டில் வந்து நின்றான். சவூதியில் தம்மாமில் ஒரு கடையில் வேலை. விடுமுறை முடிந்து டிக்கெட்டும் எடுத்துவைத்திருந்தான். விமானம் ரத்தாகிவிட்டது. குறித்த நாளுக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா போய்விடும். சண்டைபோட வந்தவன் போலத்தான் வந்தான். ஜோஸ்னா வெளியே வந்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"ஒங்களுக்கு சம்பளம் கூடட்டு ஜோஸ்னா. நல்லதாக்கும். எனக்கு ஒரு வெசனமும் இல்ல. ஆனா எனக்க வேலை போனா எனக்கு வேண்டி ஆரு பேசுவினும்? அத மட்டும் சொல்லு."

ஜோஸ்னா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரியேல்ல அண்ணா" என்றாள். அவன் தலையாட்டினான். பிறகு, "செரி, வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு வழியாகச் சமரசம் ஏற்பட்டது. வெட்டிய சம்பளத்தில் பாதியைத் திருப்பித் தரக் கம்பெனி ஒத்துக்கொண்டது. புது ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. விமானிகள் வேலைக்குத் திரும்பினார்கள். செய்தி ஓடியதும் புஷ்பபாய் கைகளை உயர்த்தி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று சத்தமாகச் சொன்னாள். மருமகளின் சீருடையைப் பீரோவிலிருந்து எடுத்து இஸ்திரி போடப் போனாள். ஜோஸ்னா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீஹரி கூப்பிடவில்லை. மறுநாள் அவரே நேரில் வந்தார்.

அவரைப் பார்த்ததுமே அஜீஷுக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்ல வந்தவர் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரமாட்டார்.

புஷ்பபாய் கொடுத்த சாயாவைக் கையில் வாங்கிக்கொண்டவர் குடிக்கவில்லை.

"ஒழுங்கா சொல்லிருதேன். மூணு பேர விட்டுட்டு பாக்கி எல்லாரையும் எடுக்கோம்ணு கம்பெனிக்காரங்க நிண்ணாங்க. ஒருத்தன் சொகமில்லேண்ணு சொன்ன அண்ணைக்கு கல்யாண போட்டோல நிக்கான். இன்னொருத்தன் ஜிம்முல. பின்னே ஜோஸ்னா. ஆதாரம் உள்ள கேசுல விட்டுக்குடுக்க மாட்டோம், விட்டா நாளைக்கு எவனும் பேடிக்க மாட்டான்ணு சொல்லியாச்சு. ராத்திரி முழுக்க பேசினோம். அசையேல்ல."

"கையெழுத்து போடாம எந்திரிச்சு வந்திருக்கலாம்லியா சார்?" என்று கேட்டான் அஜீஷ். தன் குரல் இவ்வளவு கடுமையாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

ஸ்ரீஹரி தலையைக் குனிந்தபடியே பேசினார். "வந்திருக்கலாம். வந்திருந்தா மறுநாளே பாக்கி உள்ளவங்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கும். நூறு வீட்டுல நான் இது மாதிரி போய் இருந்திருக்கணும். இப்ப மூணு வீடு. இத சரிண்ணு நான் சொல்ல வரல்ல அஜீஷ். எனக்கு வேற வழி தெரியல்ல."

"எல்லாரும் ஒண்ணாட்டு நிண்ணா தொட மாட்டாங்கண்ணு சொன்னீங்க" என்றான் அஜீஷ்.

"சொன்னேன்."

அவரை ஏச வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. ஆனால் எதிரில் இருந்த மனிதரும் பல நாள் தூங்காதவராகவே தெரிந்தார். சங்கம் வக்கீல் வைத்து வழக்கு நடத்தும், கடைசிவரைக்கும் கூட நிற்கும் என்றார். 

"சாருக்கு எப்ப டூட்டி?" என்று கேட்டாள் ஜோஸ்னா.

"நாளைக்கு காலத்த. தோஹா."

"அப்பம் போய் ஒறங்குங்க சார். இப்பிடியே போய் ஏறாதீங்க."

ஸ்ரீஹரியின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் கிளம்பிய முதல் விமானங்களில் ஒன்றில் பிஜுவும் போய்ச் சேர்ந்தான். விசா தப்பித்துவிட்டது. போகும்போது டாக்சியிலிருந்து கையை ஆட்டினான். ஜோஸ்னாவும் ஆட்டினாள்.

வழக்குப் போட்டார்கள். அதற்கிடையில் ஜோஸ்னா வேறு கம்பெனிகளுக்கு எழுதினாள். ஒன்றிரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வும் நடந்தது. எல்லோரும் கடைசியில் ஒன்றையேதான் கேட்டார்கள்: பழைய கம்பெனி விடுவித்துத் தந்த கடிதம். அந்தக் கடிதம் கேட்டு அவள் அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை. விமானி என்பவள் தொடர்ந்து பறந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் கையில் இருந்தாலும் அதைவைத்து விமானத்தில் ஏற முடியாது. மறுபடியும் பயிற்சி, மறுபடியும் பரீட்சை. வாரங்கள் போகப்போக அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அஜீஷ் பள்ளியிலிருந்து வரும்போது சில நாட்கள் அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கண்ணை மூடி, வெறும் காற்றில் கையை நீட்டி எதையோ திருகிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருப்பாள். இன்ஜின் ஒன்று நின்றுபோனால் செய்ய வேண்டியதை மனத்துக்குள் ஓட்டிப்பார்ப்பதாகச் சொன்னாள். அவன் சத்தம் காட்டாமல் சமையலறைக்குப் போய்விடுவான்.

புஷ்பபாய் பெண்கள் ஐக்கியத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஒருநாள் மகனைத் தனியே கூப்பிட்டு, கம்பெனி ஆபீசுக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

"போய் என்ன சொல்லப்போற அம்மா?"

"அவளுக்கு அண்ணைக்கு சொகமில்லாமத்தான் இருந்து, எனக்குத் தெரியாமப் போச்சுண்ணு சொல்லுவேன். பொய்யாக்கும். எண்ணாலும் சொல்லுவேன்."

பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஜோஸ்னாவிடம் ஏதோ கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். மறுபடியும் ஒரு ஒளிவுமறைவு. பஸ்ஸில் பாலராமபுரம் தாண்டும்வரை புஷ்பபாய் உதட்டை அசைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆபீஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஜீஷ் பயந்தான். அப்படி நடக்கவில்லை. கிருஷ்ணப்ரியா என்ற ஒரு அதிகாரி அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். முப்பதை ஒட்டிய வயது. நெய்யாற்றின்கரைப் பக்கம்தான் வீடு என்றாள். தமிழிலேயே பேசினாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். ஏசித் துரத்தியிருந்தால்கூட அஜீஷுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"சொல்லுங்க அம்மா."

புஷ்பபாய் தொண்டையைச் செருமினாள். "அண்ணைக்கு டாக்டர் வந்தப்ப நான் சொன்னேன்லியா, அது..." என்று தொடங்கினாள்.

"நீங்க சொன்னது பொய்யா அம்மா?" என்று கேட்டாள் கிருஷ்ணப்ரியா. மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.

புஷ்பபாய் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்தது வரவில்லை. கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். அஜீஷ் மனத்துக்குள், சொல்லும்மா, சொல்லிவிடு என்று கெஞ்சினான்.

"அவ நல்ல பிள்ளையாக்கும்" என்றாள் புஷ்பபாய். வேறொன்றும் சொல்ல அவளால் முடியவில்லை.

"எனக்கும் தெரியும்மா. நான் அவங்க ஓட்டின பிளேன்ல வந்திருக்கேன்" என்றாள் கிருஷ்ணப்ரியா. "ஆனா இதுல எனக்கு செய்ய ஒண்ணும் இல்ல. முடிவு மேல உள்ளவங்க எடுத்தது. நான் என்ன எழுதினாலும் அங்க படிக்க மாட்டாங்க. ஒரு காரியம் மட்டும் சொல்லணும். கேசுல கம்பெனி தாக்கல் செய்த பதில்ல சாட்சியாட்டு ஒங்க பேரு உண்டு. வாய்தா அண்ணைக்கு நீங்க வரணும். வயசானவங்க, பஸ்ல கஷ்டப்பட வேண்டாம். கார் அனுப்புவோம்."

"ஆருக்கு சாட்சி?" என்று கேட்டாள் புஷ்பபாய்.

"எங்களுக்கு அம்மா. கம்பெனிக்கு."

புஷ்பபாய் மகனைப் பார்த்தாள். இது சரிதானா, இப்படியும் உண்டுமா என்று கேட்பது போலப் பார்த்தாள். அஜீஷ் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அந்த இடத்தில் அவனால் செய்ய முடிந்தது அதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புஷ்பபாயே மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். துணியெடுக்கப் போகவில்லை என்பதிலிருந்து தொடங்கினாள். ஜோஸ்னா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோர்ட்டுல கேட்டா உள்ளத சொல்லுங்க மாமி. மாத்திச் சொன்னா கேள்வி கேட்டு ஒங்களத்தான் கொடைவானுவ" என்றாள்.

"உள்ளதச் சொன்னா ஒனக்கு வேலை போவுமே மக்கா."

"அது போயாச்சு மாமி."

வாய்தா நாளில் கம்பெனிக் கார் சொன்னபடி வந்தது. புஷ்பபாய் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். டிரைவர் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறவில்லை.

"தம்பி, நீ போ. நான் எனக்க மருமக கூடத்தான் போவேன்."

டிரைவர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டுக் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மூன்று பேரும் ஆட்டோவில் பாறசாலைக்குப் போய்ப் பஸ் பிடித்தார்கள். தொழிலாளர் நீதிமன்றத்தின் வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. ஒரு மூலையில் சங்கத்து வக்கீல் நின்றார். எதிர்மூலையில் கம்பெனி வக்கீல் நின்றார். வழக்குப் போட்டவளும் எதிர்த்தரப்புச் சாட்சியும் நடுவில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வக்கீல் இரண்டு தடவை வந்து புஷ்பபாயைத் தங்கள் பக்கமாக வந்து உட்காரச் சொன்னார். "இஞ்ச நல்ல காத்து உண்டு சாரே" என்று சொல்லி அவள் அசையாமல் இருந்துவிட்டாள்.

மத்தியானம் ஜோஸ்னா கட்டிக்கொண்டுவந்த பொதிச்சோற்றை வெளியே மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டார்கள். புஷ்பபாய்க்குச் சோறு இறங்கவில்லை. கூண்டில் ஏற்றுவார்களா, வேதபுத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்வார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாத்தியாரான அஜீஷுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

சாப்பிட்டு வந்து வெகுநேரம் கழித்து ஒரு குமாஸ்தா வெளியே வந்தார். நீதிபதி அன்று இருக்கமாட்டார், மீதி வழக்குகளுக்கெல்லாம் அடுத்த மாதம் தேதி என்று அறிவித்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சங்கத்து வக்கீல் ஜோஸ்னாவிடம், அடுத்த தடவை நிச்சயம் எடுப்பார்கள் என்றார். அவர் குரலிலேயே நிச்சயம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. கரமனையில் ஒரு சீட் காலியானது. ஜோஸ்னா மாமியை அதில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். புஷ்பபாய் அவளுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் கேக்காம விட்டா?" என்று கேட்டாள்.

"கேக்குத வரைக்கும் வரணும் மாமி."

"கேட்டா உள்ளதச் சொல்லணுமே மக்கா?"

ஜோஸ்னா கம்பியைக் கை மாற்றிப் பிடித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. யாரோ ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். பஸ்ஸுக்குள் இருட்டிவிட்டது. கண்டக்டர் நெருக்கியடித்துக்கொண்டு வந்து அஜீஷின் முன்னால் நின்றார்.

"பாறசாலை, மூணு" என்று சொல்லிப் பையைத் துழாவினான் அஜீஷ்.